அம்மா யெகோவாவின் சாட்சியான பிறகு

பிள்ளைகள் வேறு மதத்துக்குப் போனால் பெற்றோருக்கு ஆலோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் வருவார்கள். பெற்றவரே போனால் பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று யாருக்கும் தெரிவதில்லை. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆனபோது எங்கள் அம்மா யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில், ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் என்று இருந்த குடும்பம். அம்மா பாளையங்கோட்டையில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். இதே நிலையில் தவிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

உறவினர்கள் "அவ கிறிஸ்தவத்துக்குப் போயிட்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் சி.எஸ்.ஐ. குடும்பமோ, "அவங்கள எங்களோட சேர்க்காதீங்க" என்றது. இரண்டு பக்கமும் அம்மாவைத் தள்ளி நிறுத்திப் பேசியதைக் கேட்டபோதுதான் இந்த அமைப்பைப் பற்றி நாமே தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1870களில் சார்ல்ஸ் டேஸ் ரஸல் தொடங்கிய பைபிள் படிப்புக் குழுவிலிருந்து வளர்ந்தது. இப்போதுள்ள பெயரை 1931இல் வைத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க 85 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்கிறார்கள். தந்தை, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை ஏற்பதில்லை, சிலுவை வைப்பதில்லை, கிறிஸ்துமஸ் இல்லை, பிறந்தநாள் இல்லை. ஓட்டுப் போடுவதில்லை, தேசிய கீதம் பாடுவதில்லை, ராணுவத்தில் சேர்வதில்லை. ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை.

சர்ச்சைகளும் நிறைய. ரஷ்யாவின் உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் அவர்களைத் தீவிரவாத அமைப்பு என்று சொல்லித் தடை செய்தது. அங்கே சாதாரண ஆட்கள் ஜெபக் கூட்டம் நடத்தியதற்காகச் சிறைக்குப் போனார்கள். அது அவர்களுக்கு நடந்த அநியாயம். ஆஸ்திரேலியாவில் 2015இல் அரசு விசாரணை ஆணையம் வேறொன்றைக் கண்டது: சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக 1,006 பேர்மீது வந்த புகார்கள் அமைப்பின் கோப்புகளில் இருந்தன, ஒன்றைக்கூட அமைப்பே போலீசிடம் கொண்டுபோகவில்லை. அது அவர்கள் பக்கத்துத் தவறு. விலகிப்போனவர்களை ஒதுக்கும் பழக்கத்தைக் காரணம் காட்டி நார்வே அரசு மதக் குழு என்ற அவர்களுடைய பதிவை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. இதையெல்லாம் சேர்த்துப் படித்தபின் எனக்குக் கிடைத்தது ஒரு தெளிவு. அம்மா போயிருக்கும் இடத்தை "சாத்தான் கூட்டம்" என்றோ "ரொம்ப நல்லவங்க" என்றோ ஒரு வார்த்தையில் அடக்க முடியாது. எந்தெந்த இடத்தில் ஆபத்து, எந்தெந்த இடத்தில் வெறும் வித்தியாசம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா முதலில் சொன்னது, "போலீஸ்ல ஒரு பெட்டிஷன் போடு." மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். 2002இல் கொண்டுவந்ததை 2004இலேயே அரசு விலக்கிக்கொண்டது. அப்படியே இருந்திருந்தாலும், அம்மாவை யாரும் மிரட்டவோ காசு கொடுத்து மயக்கவோ இல்லை. வயதுவந்த ஒருவர் எந்த நம்பிக்கையை ஏற்பது என்பது அவருடைய உரிமை. இஸ்லாத்துக்கு மாறித் திருமணம் செய்துகொண்ட கேரளப் பெண் ஹாதியாவின் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே மகளின் முடிவை எதிர்த்து அப்பா போனார், இங்கே அம்மாவின் முடிவை எதிர்த்துப் பிள்ளைகள் போக வேண்டுமாம். இன்னொரு உறவினர், "மதம் மாறினா புருஷன் சொத்துல பங்கு கிடையாது" என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போனார். சுத்தப் பொய். அப்பா இறந்த அன்றே அம்மாவின் பங்கு அவருக்கு வந்துவிட்டது. மதம் மாறியதால் சொத்துரிமை போகாது என்று 1850ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இந்த மாதிரிப் பேச்சு வீட்டுக்குள் வரும்போது பிள்ளைகள் உடனே மறுத்துப் பேச வேண்டும். அம்மா பயந்துபோய், தனக்கு ஆதரவு சபையில் மட்டும்தான் என்று நினைத்துவிட்டால் அப்புறம் நாம் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

அம்மா ஏன் போனார்? இதை யாரும் கேட்கவில்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் நிற்க முடியாத ஆள். அத்தை மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து, "மதினி, நீங்க பந்திப் பக்கம் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று ஒருவர் நாசூக்காக அனுப்பி வைத்தார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வழக்கம் அப்படி. அந்தச் சமயத்தில் இரண்டு பெண்கள் கதவைத் தட்டினார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள், அதற்கடுத்த வாரமும் வந்தார்கள். உட்கார்ந்து பேசினார்கள், அம்மாவை வாசிக்கச் சொன்னார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட அம்மாவிடம் முப்பது வருஷத்துக்கும் மேலாக யாரும் ஒரு பத்தியைப் படித்து என்ன புரிந்தது என்று கேட்டதில்லை.

அவர்களுடைய ஞாயிறு கூட்டத்தில் ஒரு கட்டுரையைப் பத்தி பத்தியாகப் படிப்பார்கள். பக்கத்தின் அடியில் ஒவ்வொரு பத்திக்கும் கேள்வி இருக்கும். கை தூக்கினால் மைக் வரும், பதில் சொல்லலாம். சனிக்கிழமை ராத்திரி அம்மா பேத்தியின் ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டு, விடை இருக்கும் வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுவார். கோடு கோணலாகப் போனால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். பிறகு அதைத் தன் சொந்த வார்த்தையில் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். ஊருக்குப் போயிருந்தபோது கதவோரம் நின்று இதைப் பார்த்தேன். சாமி படத்தை எடுத்துவிட்டாரே, விளக்கு ஏற்றவில்லையே என்று நாங்கள் இழந்ததை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. என் முதல் ஆலோசனை இதுதான்: கொள்கையை ஆராய்வதற்கு முன்னால், அந்த இடம் உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ என்ன கொடுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தனிமைக்கு மருந்தா? மரியாதையா? பயத்துக்கு ஆறுதலா? அதில் ஒரு பங்கையாவது வீட்டிலிருந்து கொடுக்க முடிந்தால் மற்ற எல்லாப் பேச்சும் சுலபமாகும்.

தம்பி வேறு வழியில் போனான். அவன் இன்ஜினியர், ஆதாரம் கேட்பவன். 1914இல் கிறிஸ்து கண்ணுக்குத் தெரியாமல் ஆட்சிக்கு வந்துவிட்டார் என்ற கணக்கு எப்படி வந்தது, 1975இல் முடிவு வரும் என்ற எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டு ஏன் ஒன்றும் நடக்கவில்லை, 1967இல் உறுப்பு மாற்றுச் சிகிச்சை கூடாது என்று எழுதிவிட்டு 1980இல் ஏன் மாற்றிக்கொண்டார்கள் என்று தேதி தேதியாக எடுத்து வைத்தான். அவன் சொன்ன எதுவும் தவறில்லை. அம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் சொன்னது ஒன்றுதான்: "உங்கப்பாவ நான் மறுபடியும் பாப்பேன்ல. நேர்ல பாப்பேன்." இறந்தவர்கள் ஒன்றும் அறியாத தூக்கத்தில் இருக்கிறார்கள், சோலைபோல மாறப்போகும் இந்தப் பூமியிலேயே உயிரோடு எழுந்து வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் அதை வைத்துவிட்டார்கள். 1975 என்ற எண் அதன் பக்கத்தில் எடுபடாது.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தார் எதிர்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு எதிரிகள் அவன் வீட்டாரே என்று மத்தேயு புத்தகத்தில் வருகிற வசனத்தைப் புதிதாகப் படிக்க வருகிற எல்லாரும் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள். நாம் கத்தும் ஒவ்வொரு முறையும் அந்த வசனம் பலித்ததாக ஆகிறது. விலகி வந்தவர்கள் பேசும் வீடியோக்களை அம்மாவுக்கு அனுப்புவதும் இப்படித்தான் முடியும். விசுவாசதுரோகிகளின் பேச்சைக் கேட்கவே கூடாது என்பது அங்கே கண்டிப்பான அறிவுரை. வீடியோ வந்த நொடியில் அனுப்பியவரின் பேரிலும் சந்தேகம் விழும். விலகியவர்கள் சொல்வதை நாம் படிக்க வேண்டும், உள்ளே என்னென்ன விதிகள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதை நம்மோடு வைத்துக்கொள்வது நல்லது.

நான் கேள்வி கேட்டேன், அதுவும் நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகளை மட்டும். அவர்கள் கூடுகிற ராஜ்ய மன்றத்துக்கு ஒரு தடவை அம்மாவோடு போனேன். போகும் முன்பே, "பாக்கத்தான் வாரேன், படிக்க வரல" என்று அம்மாவிடமும் அவரை அழைத்துப்போன பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். சிலுவை இல்லை, படம் இல்லை, வரிசையாக நாற்காலிகள். காணிக்கைத் தட்டு யாரிடமும் வரவில்லை, மூலையில் ஒரு பெட்டி இருந்தது. அம்மாவிடம் மைக் வந்தது, பதில் சொன்னார், குரல் கொஞ்சம் நடுங்கியது. வெளியே வந்ததும் "எப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார். நன்றாகச் சொன்னாய் என்றேன், உண்மையிலேயே நன்றாகத்தான் சொன்னார். ஒரு தடவை போய்ப் பார்ப்பதால் நாம் மாறிவிட மாட்டோம். நாம் கற்பனை செய்து வைத்திருக்கும் பயத்தில் பாதி குறையும், நிஜமாகவே பயப்பட வேண்டியது எது என்பதும் தெரியும்.

எங்களுக்கு அந்த நிஜமான பயம் ரத்தம்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதவிடாய் நிற்கும் வயதில் உதிரப்போக்கு அதிகமாகி, ஹீமோகுளோபின் 8க்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்களுக்கு 12ஆவது இருக்க வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அம்மா பர்ஸைத் திறந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தார். எந்த நிலையிலும் தனக்கு ரத்தம் ஏற்றக் கூடாது என்று கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் போட்ட கார்டு. முதலில் போன ஆஸ்பத்திரியில், ரத்தத்துக்குச் சம்மதம் இல்லாமல் ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த டாக்டரின் பயத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது. சாட்சிகள் முழு ரத்தத்தையும், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா என்ற அதன் நான்கு முக்கியப் பகுதிகளையும் ஏற்பதில்லை. அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின், இம்யூனோகுளோபுலின், ரத்த உறைவுக் காரணிகள் போன்ற சிறு கூறுகளை ஏற்பதா வேண்டாமா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே வெளிவரும் ரத்தத்தைச் சேகரித்துச் சுத்தம் செய்து திருப்பி அவருக்கே ஏற்றும் இயந்திரத்தைச் சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். ஆக, "ரத்தம் வேண்டாம்" என்ற ஒரு வரியோடு பேச்சை நிறுத்தக் கூடாது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். நானும் அம்மாவும் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதினோம்: சரி, வேண்டாம், யோசிக்கணும். அல்புமின் "சரி" கட்டத்துக்கு வந்தது. அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசியில் சில தயாரிப்புகளில் அல்புமின் கலந்திருக்கும். கேட்டு வைக்காமல் இருந்தால் கடைசி நேரத்தில் அந்த மருந்தும் கையைவிட்டுப் போகலாம்.

அவசர ஆபரேஷனாக இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். இரண்டாவதாகப் பார்த்த ஆஸ்பத்திரியில் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். இது ரொம்ப முக்கியம், சர்ஜன் மட்டும் ஒத்துக்கொண்டால் போதாது. முதலில் உதிரப்போக்கைக் கட்டுப்படுத்த மருந்து, நரம்பு வழியாக இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் ஆசிட். ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டும்வரை தேதி குறிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் அளவைக்கூடக் குறைக்கச் சொல்லி, குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் எடுத்தார்கள். ஆபரேஷனின்போது ரத்த இழப்பைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுத்தார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது. இது எல்லாருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவே மாட்டேன். பிரசவத்தில், விபத்தில், கட்டுக்கடங்காத ரத்தப்போக்கில் ரத்தம் ஏற்றாமல் உயிர் போவது உண்டு. நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உடம்பு அதற்காகக் காத்திருக்காது.

ஆபரேஷனுக்கு முன் அந்தச் சர்ஜன் செய்த ஒரு காரியத்துக்கு நான் காலத்துக்கும் நன்றி சொல்வேன். எங்களை வெளியே போகச் சொன்னார். சபையிலிருந்து வந்திருந்த பெண்ணையும் வெளியே போகச் சொன்னார். நர்ஸ் மட்டும் இருக்க, அம்மாவிடம் தனியாக, "செத்துப்போக வாய்ப்பு இருக்கு, தெரியுமா? அப்பவும் வேண்டாமா?" என்று கேட்டார். இங்கிலாந்தில் 1992இல் வந்த ஒரு வழக்கில், சாட்சியான தாயோடு தனியே பேசிய பிறகு ரத்தம் வேண்டாம் என்று சொன்ன ஓர் இளம்பெண்ணின் மறுப்பை, அது அவளுடைய சுயமான முடிவாக இல்லை என்று சொல்லி நீதிமன்றம் ஏற்கவில்லை. அழுத்தம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், பிள்ளைகளாகிய நம் அழுகையும் அழுத்தம்தான். அதனால் டாக்டரிடம் இதை நீங்களே கேளுங்கள்: அவரைத் தனியாக வைத்துப் பேசுங்கள், என்ன சொன்னார் என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

அம்மா தனியாகவும் அதையேதான் சொன்னார்.

நமக்குப் பிடிக்காவிட்டாலும் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும் வயதுவந்தவருக்குப் பதிலாகச் சொந்தக்காரர் சம்மதம் கொடுக்க முடியாது. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். அந்தப் பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், அது செல்லாது என்றார்கள். எங்கள் வீட்டில் இன்னும் தீராத ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு விபத்து நடந்து அம்மா நினைவில்லாமல் கிடந்தால்? தம்பி, "நான் ஏத்தச் சொல்லிருவேன், அப்புறம் அம்மா என்ன சொன்னாலும் வாங்கிக்கிடுதேன்" என்கிறான். நான் அம்மாவிடம் சொன்னது: "எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்ல. நீ ரத்தம் ஏத்திக்கிடணும்னுதான் ஆசைப்படுதேன். ஆனா உன் கார்டை ஒளிச்சு வைக்க மாட்டேன்." ரத்தத் தடையை நான் தவறான போதனையாகத்தான் பார்க்கிறேன். 1945இல்தான் அதைத் தடை செய்தார்கள், அதிலும் எது கூடும், எது கூடாது என்ற எல்லை அதற்குப் பிறகு நகர்ந்திருக்கிறது. இருந்தாலும் உடம்பு அம்மாவுடையது. இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டிருப்பது கஷ்டம். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பண்டிகை விஷயத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. பொங்கல் பானை வைக்கும்போது அம்மா தன் அறையில் இருப்பார், மறுநாள் கரும்பு தின்பார். பூஜை அலமாரி தம்பி மனைவியின் பொறுப்புக்குப் போனது, அம்மா அறையில் எதை வைப்பது, எடுப்பது என்பது அம்மா இஷ்டம். அப்பா திதிதான் வலித்தது. திதிக்கு அம்மா உட்கார மாட்டார். அதனால் அப்பாவுக்குப் பிடித்த சொதியையும் இஞ்சிப் பச்சடியையும் வேறொரு ஞாயிற்றுக்கிழமை அம்மா செய்து, எல்லாரும் உட்கார்ந்து அப்பா கதை பேசுகிறோம். சடங்கு இல்லை, படையல் இல்லை, அம்மாவுக்கு உறுத்தலும் இல்லை.

பேத்தி விஷயத்தில் மட்டும் தம்பியும் அவன் மனைவியும் கறாராக இருந்தார்கள், அது சரி. பிறந்தநாள் கேக் வெட்டும்போது பாட்டி வர மாட்டார் என்பதைக் குழந்தைக்கு முன்பே சொல்லி வைத்தார்கள். பாட்டி வேறொரு நாளில் பரிசு கொடுப்பார், குழந்தைக்கு அதில் குறை தெரியவில்லை. பைபிள் கதைகள் சொல்லலாம், நோவா, தாவீது, எல்லாம் சரி. அர்மகெதோன், உலக அழிவு, யார் பிழைப்பார்கள், யார் பிழைக்க மாட்டார்கள் என்ற பேச்சு மட்டும் கூடாது. ராத்திரியில் குழந்தை "அப்பா செத்துருவாங்களா?" என்று கேட்டதிலிருந்து வந்த விதி அது. அம்மா முகம் சுருங்கியது, ஆனால் ஒத்துக்கொண்டார், மீறவும் இல்லை. எல்லைகளைச் சண்டை நடக்காத நாளில், ஒவ்வொன்றாக, காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் நிற்கும். பிள்ளைக்கு வைத்தியம் என்று வந்தால் சம்மதம் கொடுக்க வேண்டியவர்கள் பெற்றோர், பாட்டிக்கு அதில் பங்கில்லை என்பதையும் அன்றே பேசிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாடாததற்காக வெளியேற்றப்பட்ட மூன்று பிள்ளைகளை மறுபடி சேர்க்கச் சொல்லி 1986இல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கில் கொடுத்த தீர்ப்பை அம்மா பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு, மரியாதையாக எழுந்து நின்ற பிள்ளைகள் அவர்கள்.

2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. கொச்சி பக்கத்தில் களமசேரியில் அவர்களுடைய மாநாடு நடந்த அரங்கில் குண்டுகள் வெடித்தன. உயிர்ப்பலி ஆனது. அந்த அமைப்பின்மேல் வெறுப்பு கொண்டு நானே வைத்தேன் என்று சொல்லி ஒருவர் போலீஸில் சரணடைந்தார். அம்மா அங்கே போகவில்லை, ஆனால் அது எனக்கு உறைக்க அம்மாவுடைய குரலைக் கேட்க வேண்டியிருந்தது. அதுவரை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "யெகோவா குரூப்" என்று கேலியாகப் படம் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவராவது அன்று அம்மாவைக் கூப்பிட்டு நலம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அத்தை கேட்டார். கல்யாணத்தில் பந்திப் பக்கம் போன மதினியோடு அன்று அரை மணி நேரம் விடாமல் பேசினார். அதற்குப் பிறகு அம்மா அத்தை வீட்டுக்குப் போய் வர ஆரம்பித்தார். சபைக்கு வெளியே அவருக்கு ஒரு ஆள் கிடைத்தார். ஒரு குழுவைத் திட்டும்போது அதற்குள் நம் அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்பது நினைவிருக்கட்டும்.

பணம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகம் இவர்களிடம் கிடையாது, அம்மா தன் கையிலிருந்து கொஞ்சம் பெட்டியில் போடுகிறார், அவ்வளவுதான். இவர்கள் கேட்பது நேரம். வீடு வீடாக ஊழியத்துக்குப் போன மணிக்கணக்கை மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் அந்த வழக்கத்தை நிறுத்தியபோது அம்மாவே கொஞ்சம் இளைப்பாறினார். ஆனால் உங்கள் அப்பாவோ அம்மாவோ போன இடம் வேறு மாதிரி என்றால், சொத்தை எழுதி வாங்குகிற இடம் என்றால், பொறுமை போதாது. ஜப்பானில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை 2022 ஜூலையில் சுட்டுக் கொன்றவரின் தாய், ஒருங்கிணைப்புத் தேவாலயம் என்ற அமைப்புக்குச் சுமார் 10 கோடி யென் கொடுத்துக் குடும்பத்தைத் திவாலாக்கியிருந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே கட்டாய நன்கொடையைத் தடுக்கும் சட்டம் வந்தது, 2025 மார்ச்சில் அந்த அமைப்பைக் கலைக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுப் பத்திரம், நகை, பென்ஷன் கணக்கு எங்கே இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே பாருங்கள். பத்திரம் கைமாறும் அறிகுறி தெரிந்தால் உடனே வக்கீலிடம் போங்கள்.

கடைசியாக, யாரும் எச்சரிக்காத ஒன்று. தம்பி ஒரு கட்டத்தில் களைத்துப்போய், "நானும் ஞானஸ்நானம் எடுத்துட்டா அம்மா சந்தோஷமா இருப்பா, வீட்லயும் நிம்மதி" என்றான். வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். நம்பிக்கை வந்து எடுப்பது வேறு. அம்மாவுக்காக எடுத்துவிட்டுப் பிறகு விலகினாலோ, சபையிலிருந்து நீக்கப்பட்டாலோ, சபையார் நம்மோடு பேசுவதைத் தவிர்ப்பார்கள். வேறு வீட்டில் இருந்தால் சொந்தத் தாயே பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 2024இல் கொஞ்சம் தளர்த்தி, கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக நலம் விசாரிக்கலாம் என்றார்கள். ஆனால் முதலிலிருந்தே சேராத பிள்ளைகளுக்கு இந்த விதி எதுவும் கிடையாது. அம்மா என்னோடு தினமும் ஃபோனில் பேசுகிறார், திட்டுகிறார், என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார். வெளியே இருப்பதால்தான் இந்த வழி திறந்திருக்கிறது. ஒருநாள் அம்மாவே அங்கிருந்து வர நினைத்தாலும், வந்து நிற்க ஒரு வீடு வேண்டும்.

இப்போது பேசிக்கொண்டிருப்பது அம்மாவின் இறுதிச் சடங்கு பற்றி. அம்மாவே ஆரம்பித்தார். கொள்ளிக் குடம் வேண்டாம், நீர்மாலை வேண்டாம், சபை மூப்பர் ஒரு சின்னப் பேச்சுக் கொடுத்தால் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புதைப்பதா எரிப்பதா என்பது எங்கள் இஷ்டம் என்கிறார், அவர்கள் கொள்கையில் இரண்டுக்கும் இடமுண்டு. தம்பிக்கு அப்பாவைக் கரைத்த தாமிரபரணியிலேயே அம்மாவையும் கரைக்க வேண்டும். மந்திரம் இல்லாமல் அதைச் செய்துகொள் என்று அம்மா சம்மதித்துவிட்டார். பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வருகிறார். அம்மா எழுதிய தாளைத் தம்பி அப்போது அவரிடம் காட்டுவதாக இருக்கிறான், நானும் லீவு போட்டிருக்கிறேன்.